மறுமுனையறிதல்: ஆபீஸ் அருகலையில் யார் யாரைச் சோதிக்கிறார்கள்?

நண்பர்களுக்கு வணக்கம்.

ஆபீஸ் அருகலையில் (வைஃபை) இணையும்போது, எதிரே இருக்கும் சர்வர் உண்மையானதுதானா என்று அதன் சான்றிதழை வைத்து நம் போன் சோதிப்பதற்கு 'சர்வர் சர்டிஃபிகேட் வேலிடேஷன்' என்று பெயர். அதற்குத் தமிழில் என்ன சொல்லலாம் என்று கேட்டிருந்தேன். வந்த பதில்களில் மூன்றை இரண்டு நாளாகத் திருப்பித் திருப்பிப் பார்த்தேன்: 'வழங்கிச் சான்றிதழ் சரிபார்ப்பு', 'சேவையக ஏற்புறுதி', 'மெய்யறிதல்'. மூன்றிலும் இலக்கணப் பிழை ஒன்றும் இல்லை. ஆனாலும் எதையும் என்னால் தாளில் அச்சடித்துச் சுவரில் ஒட்ட முடியவில்லை. காரணத்தைச் சொல்லிவிடுகிறேன், கொஞ்சம் நீளும்.

நான் வேலை பார்ப்பது கோவையில் ஒரு மருத்துவமனையின் கணினிப் பிரிவில். வார்டில் வேலை பார்ப்பவர்கள் தங்கள் போனை உள் அருகலையில் இணைக்க ஒரு பக்கத் தமிழ்க் குறிப்பு எழுதிக் கொடுத்தது நான்தான். வீட்டு அருகலை என்றால் ஒரே கடவுச்சொல், வந்தவர் போனவர் எல்லோருக்கும் அதுதான். இங்கே இருப்பது டபிள்யூபிஏ2 என்டர்பிரைஸ், நிறுவனங்களுக்கான அருகலைப் பாதுகாப்பு முறை. ஆளுக்கு ஒரு பெயர், ஆளுக்கு ஒரு கடவுச்சொல், ஒருவர் வேலையை விட்டால் அவருடையதை மட்டும் நிறுத்தினால் போதும். நல்ல ஏற்பாடு. ஆனால் ஆண்ட்ராய்டு போனில் அந்த வலையமைப்பின் பெயரைத் தொட்டதும் ஏழு கட்டங்கள் வந்து நிற்கும்: இஏபி முறை, இரண்டாம் கட்டம், சிஏ சான்றிதழ், டொமைன், அடையாளம், அனாமதேய அடையாளம், கடவுச்சொல். இதில் பாதிக்கு மேல் எந்தத் தமிழருக்கும் எந்த மொழியிலும் புரியாது.

என் குறிப்பின் மூன்றாவது வரி இப்படி இருந்தது: 'சிஏ சான்றிதழ் - சரிபார்க்க வேண்டாம் என்பதைத் தேர்வு செய்யவும்.' சிஏ என்பது சர்டிஃபிகேட் அத்தாரிட்டி, சர்வர்களுக்குச் சான்றிதழ் கொடுக்கும் அமைப்பு. அப்போது எல்லா இடத்திலும் சொல்லிக்கொடுத்த சுருக்குவழி அதைச் சரிபார்க்காமல் விடுவதுதான், நானும் அப்படியே எழுதிவிட்டேன். அப்புறம் 2020 டிசம்பரில் வந்த ஆண்ட்ராய்டு 11 புதுப்பிப்பு, முதலில் கூகுள் பிக்சல் போன்களில், அந்தத் தெரிவையே எடுத்துவிட்டது. பிறகு மற்ற பல போன்களிலும் அது காணாமல் போனது. புதுப் போன் வாங்கியவர்கள் ஒவ்வொருவராக என் மேசைக்கு வர ஆரம்பித்தார்கள்.

அப்படி வந்த ஒரு சிஸ்டரைத்தான் மறக்க முடியவில்லை. இரவுப் பணி முடித்து, வீட்டுக்குப் போகாமல் நேராக வந்திருந்தார். ஒரு கையில் போன், இன்னொரு கையில் பிளாஸ்டிக் ஃபைல். ஃபைலுக்குள் நர்சிங் கவுன்சில் பதிவுச் சான்றிதழின் ஜெராக்ஸ், மடித்த தடம் தெரிய. "தம்பி, போன்ல சான்றிதழ் கேக்குது, எங்க அப்லோட் பண்றதுன்னு தெரியல" என்றார். அவர் மேல் ஒரு தவறும் இல்லை. சாதிச் சான்றிதழ், வருமானச் சான்றிதழ், மாற்றுச் சான்றிதழ் என்று வாழ்நாள் முழுக்க நம்மிடம் கேட்டு வாங்கப்படுவதற்குத்தான் சான்றிதழ் என்று பெயர். நாம் காட்ட வேண்டியது, கவுன்ட்டருக்கு அந்தப் பக்கம் இருப்பவர் பார்க்க வேண்டியது. போனில் நடப்பது நேர் தலைகீழ். அங்கே சான்றிதழைக் காட்ட வேண்டியது மருத்துவமனையின் சர்வர், வாங்கிப் பார்க்க வேண்டியது அந்தச் சிஸ்டரின் போன்.

'சரிபார்ப்பு' என்ற சொல்லிலும் இதே ஓட்டைதான். யார், யாரை என்பது அதில் இல்லை. ஆபீஸ் நம்மைச் சரிபார்க்கிறது என்றுதான் எவரும் எடுத்துக்கொள்வார்கள். 'சரிபார்க்க வேண்டாம்' என்றால் நமக்கு ஏதோ சலுகை, வேலை சுலபம். உண்மையில் அந்தத் தெரிவு சொல்வது, 'எதிரே இருப்பது யார் என்று பார்க்காமலே போய்ச் சேர்' என்பதை. வாசலில் ஒருவன் சின்ன அருகலைப் பெட்டியை வைத்து, மருத்துவமனை வலையமைப்பின் பெயரையே அதற்கும் சூட்டிவிட்டால், போன் அவனோடு பேச்சைத் தொடங்கிவிடும். கடவுச்சொல்லைச் சோதிக்கப் பயன்படும் எம்எஸ்சாப்வி2 முறையில் கடவுச்சொல் அப்படியே போவதில்லை, அதிலிருந்து கணக்கிட்ட ஒரு பதில்தான் போகிறது. ஆனால் அந்தப் பதிலைப் பிடித்து வைத்தால் ஒரு நாளுக்குள் உடைத்துவிடலாம் என்று 2012ல் டெஃப் கான் என்ற ஹேக்கர் மாநாட்டில் செய்தே காட்டிவிட்டார்கள். அந்தப் பேச்சை மறையாக்கம் செய்த ஒரு பாதுகாப்புக் குழாய்க்குள் வைத்து நடத்துவது பீப் முறை. அந்தக் குழாய் இருப்பதால்தான் அது தாங்குகிறது. குழாயின் அந்தப் பக்கம் திருடனே உட்கார்ந்திருந்தால் குழாய் இருந்து என்ன பயன்?

அசோகவனத்தை நினைத்துப் பாருங்கள். வந்தவன் இராமன் அனுப்பிய ஆள்தானா, இல்லை அரக்கர் மாயமா என்று சீதைக்குச் சந்தேகம். கணையாழியைப் பார்த்த பிறகே நம்பினாள், அதன் பிறகே சூடாமணியைக் கழற்றிக் கொடுத்தாள். இந்த வரிசைதான் பீப்: முதலில் சர்வர் தன் கணையாழியைக் காட்டும், அதைப் போன் ஏற்றுக்கொண்டால்தான் கடவுச்சொல் பேச்சே. 'சரிபார்க்க வேண்டாம்' என்பது கணையாழியைக் கேட்காமலே சூடாமணியைக் கொடுப்பது.

அதனால் என் முன்மொழிவு: மறுமுனையறிதல்.

'மறுமுனை' என்ற சொல்லைப் பத்திரிகை படிக்கும் எல்லோருக்கும் தெரியும். 'மறுமுனையில் பேசியவர் தன்னை வங்கி அதிகாரி என்று கூறி ஓடிபி எண்ணைக் கேட்டார்' என்று வாராவாரம் படிக்கிறோம். அந்தச் செய்தியில் வரும் ஆபத்தும் இந்த ஆபத்தும் ஒன்றே. சொல்லைக் கேட்டதுமே, அந்தப் பக்கம் யார் என்று பார்க்க வேண்டியது நம் வேலை என்று புரியும். போனில் வரவேண்டிய வாசகம் 'மறுமுனை யார் என்று பார்க்காமல் இணை' என்றிருந்தால், அதைத் தொடுவதற்கு முன் ஒரு நொடி யாருக்கும் கை தயங்கும். அந்தத் தயக்கத்தைக் கொடுக்காத சொல் எனக்கு வேண்டாம்.

'மெய்யறிதல்' அழகான சொல்தான், மறுக்கவில்லை. ஆனால் தத்துவ வகுப்பில் உட்கார்ந்த மாதிரி இருக்கிறது, அதோடு யார் யாரை என்ற கேள்வி அங்கேயும் அப்படியே நிற்கிறது.

இன்னொன்று. 'அதென்டிகேஷன்' வரும் இடத்தில் எல்லாம் 'அங்கீகாரம்' என்று போடுவதை நிறுத்த வேண்டும் என்று கெஞ்சிக் கேட்கிறேன். டிடிசிபி அங்கீகாரம் பெற்ற மனை, அங்கீகரிக்கப்பட்ட கட்சி என்று நாம் சொல்வது ஒப்புதல் கிடைத்ததைத்தான். அது 'ஆத்தரைசேஷன்' பக்கம் போக வேண்டிய சொல். ஆபீஸ் அருகலைக்குப் பின்னால் இருந்து ஆளை விடலாமா என்று சொல்லும் ரேடியஸ் சர்வர் மூன்று வேலை செய்கிறது: வந்தவர் யார் என்று பார்க்கிறது, எதற்கெல்லாம் விடலாம் என்று முடிவெடுக்கிறது, எப்போது வந்தார் எப்போது போனார் என்று எழுதி வைக்கிறது. ஆளறிதல், அனுமதி, கணக்கு என்று மூன்றும் தனித்தனியாக இருக்கட்டும். நம்மைப் பார்ப்பது ஆளறிதல், நாம் பார்ப்பது மறுமுனையறிதல். இரண்டும் சேர்ந்தால்தான் கதவு திறக்க வேண்டும்.

சான்றிதழுக்கு என்ன செய்வது? வேரூன்றிவிட்ட சொல், அதைப் பிடுங்க முடியாது. ஆனால் 'சிஏ சான்றிதழ்' என்பதையாவது மாற்றலாம். அரசுப் படிவங்களில் 'சான்றொப்பமிட்ட நகல்' என்று பார்த்திருப்பீர்கள். சர்வரின் சான்றிதழில் சிஏ செய்வது அந்தச் சான்றொப்பம்தான். அந்த ஒப்பம் உண்மையானதா என்று பார்க்கப் போனுக்கு ஒரு மாதிரி வேண்டும். வங்கியில் கணக்குத் தொடங்கும்போது ஓர் அட்டையில் கையெழுத்து வாங்கி வைத்துக்கொள்கிறார்களே, மாதிரிக் கையொப்பம், அதேதான். காசோலை வந்தால் அட்டையோடு ஒப்பிடுவார்கள். ஆகவே 'சிஏ சான்றிதழ்' கட்டத்துக்கு 'மாதிரி ஒப்பம்'. இதைச் சிஸ்டரிடம் வாயால் சொல்லிப் பார்த்தேன், வங்கி அட்டை என்றதுமே தலையாட்டிவிட்டார்.

ஒப்பம் சரியாக இருந்தால் மட்டும் போதாது, யாருடைய பெயருக்கு ஒப்பம் போட்டிருக்கிறது என்பதையும் பார்க்க வேண்டும். உலகம் முழுக்க யார் யாருக்கோ ஒப்பம் போடும் பொதுச் சிஏவை நம்பிவிட்டு டொமைன் கட்டத்தைக் காலியாக விட்டால், அதே சிஏவிடம் வேறொருவன் வாங்கிய சான்றிதழும் செல்லுபடியாகிவிடும். அதற்குத்தான் அந்த டொமைன் கட்டம். குறிப்பில் இப்போதைக்கு 'மறுமுனையின் பெயர்' என்று போட்டு, எங்கள் சர்வரின் பெயரை எழுத்துக்கு எழுத்து அச்சடித்திருக்கிறேன். டொமைனுக்கு 'ஆள்களம்' என்ற சொல்தான் வேண்டும் என்பவர்கள் காரணத்தோடு எழுதுங்கள், மாற்றத் தயார்.

'அனாமதேய அடையாளம்' என்பதற்கு 'வெளிப்பெயர்'. குழாய் போடுவதற்கு முன்பே திறந்த வெளியில் போகும் பெயர் அது. உறைக்கு மேலே ஊர்ப் பெயர் மட்டும், ஆள் பெயர் உள்ளே கடிதத்தில், அவ்வளவுதான். பல்கலைக்கழகங்களின் எடுரோம் வலையமைப்பில் வெளியூர்க் கல்லூரிக்குப் போனாலும் நம் சொந்தக் கல்லூரிச் சர்வருக்கே கேள்வி போய்ச் சேர்வது, அந்த வெளிப்பெயரில் அட் குறிக்குப் பின்னால் இருக்கும் பகுதியை வைத்துத்தான்.

'சப்ளிகன்ட்' பற்றியும் இரண்டு வரி. இப்படி ஆளைப் பார்த்து வலையமைப்புக்குள் விடுவதற்கான 802.1எக்ஸ் தரத்தில், போன் பக்கத்து மென்பொருளுக்கு அந்தப் பெயர். 'மனுதாரர்', 'இரப்போன்', 'வேண்டுநர்' என்று மூன்று சொற்கள் வந்தன. மூலச் சொல்லுக்கு மூன்றும் நெருக்கம்தான், ஆனால் மண்டியிட்டுக் கேட்பவர் கணையாழியைக் காட்டு என்று எப்படிக் கேட்பார்? மூலத்தில் இருக்கிற கோணலை நாமும் சுமக்க வேண்டியதில்லை. 'வருநர்' போதும். நடுவில் நிற்கும் அருகலைப் பெட்டிக்கு 'வாயிலோன்' என்று ஒருவர் சொன்னது அருமை. பாண்டியன் அரண்மனை வாயிலில் கண்ணகி வந்து நிற்பதை உள்ளே போய்ச் சொன்னவன் முடிவு எதுவும் எடுக்கவில்லை. சேதியைக் கொண்டுபோனான், அரசன் விடச் சொன்னதும் விட்டான். பெட்டியும் அதைத்தான் செய்கிறது.

முடிவாகாதது ஒன்று பாக்கி. ஆண்ட்ராய்டு 13 முதல், மாதிரி ஒப்பம் இல்லாவிட்டாலும் முதல் முறை சர்வரின் சான்றிதழைக் காட்டி 'இதை நம்பலாமா' என்று கேட்டு, சரி என்றால் அதை நினைவில் வைத்துக்கொள்ளும் வசதி வந்திருக்கிறது. ஐபோனிலும் 'நம்பு' பொத்தானோடு இதேபோல ஒரு திரை வரும். 'முதல் அறிமுக நம்பிக்கை' என்று எழுதிப் பார்த்தேன், நீளமாக இருக்கிறது. அந்த முதல் முறை எங்கே நடக்கிறது என்பதுதான் இதில் எல்லாம். எங்கள் அறைக்குள், என் கண் முன்னால் நடந்தால் சரி, பேருந்து நிறுத்தத்தில் நடந்தால் ஆபத்து. அந்த வேறுபாடு சொல்லிலேயே தெரிகிற மாதிரி யாருக்காவது தோன்றினால் எழுதுங்கள்.

திருத்திய குறிப்பு கைவசம் இருக்கிறது. திங்கட்கிழமை அந்தச் சிஸ்டருக்குப் பகல் பணி. நான் வாயைத் திறக்காமல் தாளை மட்டும் கொடுத்து அவரையே இணைக்கச் சொல்லப் போகிறேன். எந்த வரியில் நின்று யோசிக்கிறார் என்று பார்த்துவிட்டு எழுதுகிறேன்.