சோலைவரியில கூடுற காசை வைச்சே ஒழுங்கையைத் திருத்தலாமோ?

மாரித்தவளை:
நேற்று சோலைவரி, அதுதான் வீடு கடைக்கு உள்ளூராட்சிச் சபைக்குக் கட்டுற வரி, கட்டப் போனனான், ஜனவரி 31க்கு முதல் முழு வருசத்துக்கும் கட்டினா 10 வீதம் கழிவு எண்டபடியா நல்ல சனம். பக்கத்தில நிண்டவர் சிக்காகோவில இருந்து லீவில வந்தவராம், அங்க ஒரு ஏரியாவில வீடு கடையளின்ர பெறுமதி ஏற ஏற கூடுற வரியை அந்த ஏரியாவுக்கே செலவழிப்பினமாம், 'டிஃப்' எண்டு பேராம். எங்கட ஒழுங்கையில கார்த்திகை மழைக்குக் கான் நிரம்பி முத்தத்தில செருப்பு மிதக்குது, ஆனா ரெண்டு பக்கமும் மூண்டு மாடி எழும்பீட்டுது. உது இஞ்ச சரிவருமோ?

ஏரிக்கரைக் குளிர்:
நானும் சிக்காகோ தான். ஒரு பகுதியைச் சுத்திக் கோடு கீறி அண்டைக்கு உள்ள பெறுமதியை அப்பிடியே நிப்பாட்டி வைப்பினம். 10 கோடி எண்டு வையுங்கோ. பிறகு அது 15 கோடி ஆனா, பழைய 10 கோடிக்குரிய வரி மட்டும் பள்ளிக்கூடம், பார்க், கவுண்டி (மாவட்டம் மாதிரி ஒரு நிர்வாகம்) எண்டு பிரியும், மிச்ச 5 கோடிக்குரியது தனி உண்டியலுக்க. 23 வருசத்துக்கு. வரப்போற காசைக் காட்டி முதலே கடனும் எடுப்பினம். பாழடைஞ்ச இடங்களுக்கெண்டு கொண்டுவந்த முறை, ஆனா 2019இல லிங்கன் யார்ட்ஸ் எண்டு ஆத்தங்கரையில ஏற்கனவே விலை ஏறிக்கிடந்த இடத்துக்கு 130 கோடி டொலர் வரைக்கும் ஓம் எண்டவை, விசர்தான் வந்தது.

பழைய கிளாக்கர்:
தம்பி, நான் ஒரு சபையில வரிப்பகுதியில இருந்து பென்சன் எடுத்தனான். உதின்ர சூட்சுமமே மற்றவையின்ர பங்கையும் சேத்து இழுக்கிறது தான். கலிபோர்னியாவில 1952இல தொடங்கினவை, பள்ளிக்கூடங்களுக்கு விழுந்த துண்டை மாநிலம் நிரப்பி நிரப்பிக் களைச்சு 2012 பெப்ரவரியில இந்த வரிக்காசை வைச்சு இடங்களைப் புதுப்பிச்ச முகவர் நிலையங்களை இழுத்து மூடினவை. இஞ்ச சோலைவரி முழுக்கச் சபைக்குத்தான், பள்ளிக்கூடச் செலவு மாகாணமும் கொழும்பும் பாக்கும். அப்ப உங்கட ஒழுங்கைக்கெண்டு ஒதுக்கிற காசு அடுத்த வட்டாரத்துக் குப்பை டிராக்டரின்ர டீசல் காசு. வேற ஆரிட்டயும் இருந்து வராது.

அதைவிடப் பெரிய கரைச்சல் மதிப்பீடு. அஞ்சு வருசத்துக்கு ஒருக்கா திரும்ப மதிக்கவேணும், ஆனா இழுபட்டுக்கொண்டே போகும். என்ர காலத்தில ஒரு பதிவு, மை மங்கின எழுத்தில 'ஓட்டு வீடு, கிணறு' எண்டு கிடக்குது, போய்ப் பாத்தா கீழ ரெண்டு கடை, மேல கலியாண ஹோல். வரி ஓட்டு வீட்டுக்குத்தான். புத்தகத்தில பெறுமதி ஏறாட்டி கூடின வரி எங்கயிருந்து வாறது?

மாரித்தவளை:
ஐயா, அப்ப மதிக்க வந்தா எங்கட வீட்டுக்கும் ஏறுமோ? போன வருசம் பின்னுக்கு ஒரு அறை இறக்கினனாங்கள்...

பழைய கிளாக்கர்:
ஏறும். டிஃப்பை விடும். வருசக் கடைசியில பட்ஜெட் போடுவினம், அதுக்கு முதல் ஒழுங்கை ஆக்கள் எல்லாரும் கையெழுத்து வைச்சு வட்டார உறுப்பினரிட்ட கடிதம் குடுங்கோ. படமும் வையுங்கோ, செருப்பு மிதக்கிறது வடிவாத் தெரியோணும்.