பணி ஓய்வு பெற்ற ஆசிரியர்களைச் சேர்த்துத் தோட்டத்துப் பிள்ளைகளுக்கு வகுப்பு: எங்கே தொடங்குவது?

பால்மரம்:
வணக்கம். மலேசியாவில் சுங்கை சிப்புட்டிலும் சுற்றியுள்ள தோட்டங்களிலும் பணி ஓய்வு பெற்ற தமிழ்ப்பள்ளி, இடைநிலைப்பள்ளி ஆசிரியர்கள் சுமார் இருபது பேர் இருக்கிறார்கள். இவர்களை ஒன்று சேர்த்து, டியூஷனுக்குப் பணம் கட்ட முடியாத வீட்டுப் பிள்ளைகளுக்கு வகுப்பு நடத்த எண்ணம். மூன்றாம் ஆண்டிலும் எழுத்துக்கூட்டி வாசிக்கிற பிள்ளைகள் நிறைய. சங்கம் பதிந்துவிட்டுத் தொடங்குவதா, தொடங்கிவிட்டுப் பதிவதா? சனிக்கிழமை மூன்று மணி நேரம் என்று ஒரு யோசனை. இடம், செலவு, அனுமதி பற்றித் தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

கரும்பலகை:
சனிக்கிழமை யோசனையை விடுங்கள். வாசிக்கத் திணறும் பிள்ளைக்கு மூன்று மணி நேரத்தில் முதல் நாற்பது நிமிடம்தான் உள்ளே போகும். அடுத்த சனிக்குள் அதுவும் கரைந்துவிடும். வாரம் மூன்று நாள், 45 நிமிடம், ஓர் ஆசிரியருக்கு நான்கைந்து பிள்ளைகள் போதும்.

1966 சங்கச் சட்டப்படி ஏழு பேர் சேர்ந்தாலே சங்கம், பதிவு வேண்டும். அதற்குச் சட்டவிதி எழுதி, பொறுப்பாளர் தேர்தல் நடத்திப் பாதி வருடத்தைக் கழிக்காதீர்கள். தமிழ்ப்பள்ளிப் பெற்றோர் ஆசிரியர் சங்கத்தின் துணைக்குழுவாகத் தொடங்கினால் போதும். பணமும் அவர்கள் கணக்கிலேயே இருக்கட்டும், ரசீதோடு. 'டியூஷன் சென்டர்' என்று பலகை மாட்டினால் கல்வி இலாகாவில் தனியாகப் பதிய வேண்டிவரும்.

இதைக் கெடுப்பது பெரும்பாலும் பதவிதான். ஓய்வு பெற்ற தலைமையாசிரியர்கள் நால்வர் இருந்தால் நால்வருக்கும் தலைவர் நாற்காலி மேல் கண் இருக்கும். கூட்டம் நடக்கும், தேநீர் வரும், பிள்ளை வராது. அட்டவணை பார்க்க ஓர் ஒருங்கிணைப்பாளர் போதும். அவர் ஆசிரியராக இல்லாவிட்டால் இன்னும் நல்லது. முதல் சந்திப்பிலேயே ஆளுக்கொரு தாள் கொடுத்து எழுதி வாங்குங்கள்: எந்தப் பாடம், எந்தெந்த நாள், இருட்டிய பிறகு வண்டி ஓட்டுவாரா. கண் சரியில்லாதவரைச் செம்பனை லாரி ஓடும் சாலையில் அனுப்பாதீர்கள். இருபது பேரும் பாடம் நடத்த மாட்டார்கள். மற்றவர்களுக்குப் பயிற்சித்தாள் தயாரிப்பது, பெற்றோருக்குப் போன் போடுவது என்று வேலை பிரித்துக் கொடுங்கள்.

வாசிப்பு மூலை:
2021-இல் யுபிஎஸ்ஆர் (ஆறாம் ஆண்டு அரசுத் தேர்வு) போய்விட்டது. இப்போது வகுப்பறை மதிப்பீட்டு அறிக்கையில் அடைவுநிலை 1, 2 (ஆறில் கீழ்நிலைகள்) என்று மட்டும் இருக்கும். பிள்ளை எங்கே சிக்கிக்கொண்டது என்பதை நீங்கள்தான் கண்டுபிடிக்க வேண்டும். இரண்டாம் ஆண்டுப் பாடநூலிலிருந்து அறுபது சொல் உள்ள பத்தி, தமிழில் ஒன்று, தேசியமொழியான மலாயில் ஒன்று எடுங்கள். ஒரு நிமிடம் உரக்க வாசிக்கச் சொல்லித் தவறில்லாத சொற்களை எண்ணுங்கள். பிறகு பத்தியைப் பற்றி மூன்று கேள்வி. சரளமாக வாசித்தும் பொருள் சொல்லத் தெரியாத பிள்ளையையும், எழுத்தே தடுமாறுகிற பிள்ளையையும் ஒரே குழுவில் போடக்கூடாது.

எழுத்து தடுமாறினால் 216 உயிர்மெய்யையும் வரிசையாக ஒப்புவிக்க வைக்காதீர்கள். பாட்டாக வரும், ஓர் எழுத்தைத் தனியாகக் காட்டினால் வராது. கெ-கே, கொ-கோ, ண-ந-ன, ல-ள-ழ அட்டைகளைக் கலைத்துப்போட்டு நாளுக்குப் பத்து காட்டுங்கள்.

தேசியமொழியில் வேறொரு சிக்கல். தமிழில் ப, த, க ஒவ்வொன்றுக்கும் ஒரே எழுத்து, மலாயில் p-b, t-d, k-g என்று இரண்டிரண்டு. 'பாகி' என்று காதில் விழுந்தால் அது காலையா (pagi), கொடுப்பதா (bagi)? 'துவா' இரண்டா (dua), முதுமையா (tua)? பிள்ளை நோட்டில் மாற்றி எழுதிவிடும். இந்த இணைகளை மட்டும் முதல் மாதம் முழுக்கச் சொல்வதெழுதுதலில் கொடுங்கள்.

ஆறாம் ஆண்டுப் பிள்ளைகளை இடைநிலைப்பள்ளி ஆசிரியர்களிடம் விடுங்கள். படிவம் 1-இல் (இடைநிலைப்பள்ளி முதலாண்டு) வரலாறு, அறிவியல் எல்லாம் வேறு மொழியில் வந்து நிற்கும். எஸ்பிஎம் (படிவம் 5 அரசுத் தேர்வு) சான்றிதழ் கிடைக்கத் தேசியமொழியிலும் வரலாற்றிலும் தேர்ச்சி கட்டாயம். பாடத்துக்கு முப்பது கலைச்சொல், தமிழ்ச் சொல்லோடு ஜோடி சேர்த்து, ஆண்டு முடிவதற்குள் பழக்கிவிடலாம். போகிற இடைநிலைப்பள்ளியில் தமிழ் வகுப்பு இல்லையா? 15 பிள்ளைகளின் பெற்றோர் கேட்டால் நடத்த 1996 கல்விச் சட்டம் இடம் தருகிறது. அந்தக் கடிதத்தை எழுதி, கையொப்பம் வாங்கிக் கொண்டுபோய்க் கொடுக்க ஓய்வு பெற்ற ஆசிரியரைவிடப் பொருத்தமான ஆள் கிடையாது.

செம்பனைச் சாலை:
பட்டணத்தில் வைத்தால் பட்டணத்துப் பிள்ளைகள்தான் வருவார்கள். தோட்டத்துக் கோயில் மண்டபத்தில் வையுங்கள். ஆசிரியர்களின் பெயர், அடையாள அட்டை எண், வண்டி எண், வரும் நாள் எல்லாம் போட்டு மேனேஜருக்கு முன்கூட்டியே கடிதம் கொடுக்காவிட்டால் காவலாளி கேட்டிலேயே திருப்பி அனுப்பிவிடுவார். மாலை 4.30 நல்ல நேரம். இருட்டுவதற்குள் ஆசிரியரும் வீடு திரும்பலாம். வெள்ளிக்கிழமை பூஜை, திருவிழா வாரம் இரண்டிலும் வகுப்பு இல்லை என்று அட்டவணையிலேயே போட்டுவிடுங்கள்.

பத்து ஆசிரியர்களுக்குப் பெட்ரோல் ஆளுக்கு 50 வீதம் 500 ரிங்கிட், நகலெடுக்க 120, மைலோ பிஸ்கட்டுக்கு 180. மாதம் 800 கையில் இருந்தால் ஓடும். பெட்ரோல் பணத்தை வேண்டாம் என்பார்கள், வற்புறுத்திக் கொடுங்கள். வாங்காதவர் மூன்றாம் மாதம் சத்தமில்லாமல் நின்றுவிடுவார், ஏன் வரவில்லை என்று கேட்கவும் நமக்கு வாய் வராது.

எந்த நேரமும் பெரியவர்கள் இருவர் இருக்க வேண்டும், வருகைப் பதிவேடு வேண்டும், பிள்ளையைத் தனியாக வண்டியில் ஏற்றக்கூடாது. பிரம்பை வீட்டிலேயே வைத்துவிட்டு வரச் சொல்லுங்கள். சிலருக்கு இதைச் சொல்லத்தான் வேண்டும்!

பால்மரம்:
மிக்க நன்றி. ஒன்று விட்டுப்போனது. பிறப்புப் பத்திரம் இல்லாமல் பள்ளிக்கே போகாத பிள்ளையைச் சேர்க்கலாமா?

கரும்பலகை:
தாராளமாக. பாடம் ஒரு பக்கம் நடக்கட்டும், தாள் வேலையை மறுபக்கம் தொடங்குங்கள். பிறப்பை 60 நாளுக்குள் பதியாதது மட்டும் என்றால் பதிவிலாகாவில் தாமதப் பதிவு செய்யலாம். பிரசவம் நடந்த இடத்தின் பதிவு, பெற்றோர் இருவரின் அடையாள அட்டை, திருமணச் சான்றிதழ் தேவைப்படும். தாய் வெளிநாட்டவர், கல்யாணம் கோயிலில் மட்டும் நடந்து பதிவாகவில்லை என்றால் கடினம். அப்போது அரசியலமைப்பின் 15ஏ பிரிவின்கீழ் வயது வரம்பு தாண்டுவதற்குள் குடியுரிமைக்கு விண்ணப்பிக்க வேண்டும். பெற்றோரில் ஒருவர் குடிமகனாக இருந்தால் இதற்கிடையிலேயே பள்ளியில் சேர்க்க வழி உண்டு. மாவட்டக் கல்வி இலாகாவில் கேளுங்கள். ஓய்வு பெற்ற அந்தத் தலைமையாசிரியர்களில் ஒருவரைக் குடும்பத்தோடு பதிவிலாகா முகப்புக்கு அனுப்புங்கள், ஒவ்வொரு தாளுக்கும் இரண்டு நகலோடு.