பிரானி ஜேம்ஸ் என்பிஏ-ல (அமெரிக்க பாஸ்கெட்பால் லீக்) நிலைச்சு நிப்பாரா? தெரிஞ்சவங்க சொல்லுங்க

மக்களே, பாஸ்கெட்பால் ஃபாலோ பண்றவங்க கொஞ்சம் ஹெல்ப் பண்ணுங்க. ஸ்டார் பிளேயர் லெப்ரான் ஜேம்ஸோட பையன் பிரானியை, அப்பா ஆடின லேக்கர்ஸ் டீமே 2024 டிராஃப்ட்ல (டீம்கள் புது பிளேயருங்களை வரிசையா தேர்ந்தெடுக்கறது) 55வதா எடுத்தாங்கல்ல, அப்பாவுக்காகத்தான் எடுத்தாங்கன்னு சொல்லிட்டே இருக்காங்க, ஆனா 2023 ஜூலைல பிராக்டிஸ்ல இதயம் நின்னு போயி அதே டிசம்பர்லயே திரும்ப மேட்ச் ஆடின பையன், அதை யாரும் பேசறதே இல்ல, எனக்கு மனசே கேக்கல. டிஃபென்ஸ்ல நல்லா உழைக்கிறான். ஆனா உயரம் ஆறடி ரெண்டு அங்குலம்தான், அதுக்கு மூணு பாயின்ட் ஷாட் நிலையா விழலன்னா கஷ்டம்னு தோணுது. நாலு வருஷ கான்ட்ராக்ட், அதுல கடைசி வருஷம் வச்சுக்கறதா வேண்டாமான்னு டீம் இஷ்டம். இவனை மாதிரி டிராஃப்ட்ல ரெண்டாவது ரவுண்டுல வந்த குட்டை கார்டுங்க (பந்தை கொண்டுபோய் ஆட்டத்தை நடத்தற பிளேயருங்க) யாரு நிலைச்சிருக்காங்க, எதை முதல்ல சரி பண்ணாங்க? முழு மேட்ச் பாக்கறவங்க சொல்லுங்க ப்ளீஸ், நான் ஹைலைட்ஸ்தான் பாக்கறேன்.