கைக்குழந்தையோடு மூலிகை ஆய்வு: பகுதி நேரத்துக்கு மாறுவதைத் தவிர வேறு வழி உண்டா?

குரோம்பேட்டை வாசகி (கேள்வி)

அனைவருக்கும் வணக்கம். தாவரவியலில் முதுகலை முடித்துவிட்டு, சென்னையில் ஒரு கல்லூரியில் முழுநேர முனைவர் பட்ட ஆய்வாளராக இருக்கிறேன். கீழாநெல்லி, ஆடாதோடை ஆகிய இரண்டின் நுண்ணுயிர் எதிர்ப்புத் திறன் என் ஆய்வுத் தலைப்பு. மகனுக்குப் பதினோரு மாதம் ஆகிறது. இன்னும் தாய்ப்பால் குடிக்கிறான். பகலில் மாமியார் பார்த்துக்கொள்கிறார். அவருக்கு மூட்டுவலி இருப்பதால் பிற்பகல் மூன்று மணிக்கு மேல் குழந்தையை அவரிடம் விட எனக்கே மனம் வருவதில்லை. ஆய்வுக்கூடத்திலோ, கொதிக்கும் கரைப்பானால் மூலிகைப் பொடியிலிருந்து சாறு இறக்கும் சாக்ஸ்லெட் கருவியில் காலையில் ஏற்றினால் மாலைவரை அதன் பக்கத்திலேயே நிற்க வேண்டியிருக்கிறது. நெறியாளர் நல்லவர்தான்; ஆனாலும் பகுதி நேரத்துக்கு மாறிக்கொள்ளுமாறு சொல்கிறார். மாறினால் உதவித்தொகை நின்றுவிடும். உலர்த்துவது, பொடிப்பது, சாறு இறக்குவது ஆகியவற்றில் எதையேனும் வீட்டிலேயே செய்துகொள்ள முடியுமா? இந்த நிலையைக் கடந்து வந்தவர்கள் வழி சொன்னால் உதவியாக இருக்கும்.

அடையாறு ஆய்வாளர்

அவசரப்பட்டுப் பகுதி நேரத்துக்கு எழுதிக் கொடுத்துவிடாதீர்கள், சகோதரி. பல்கலைக்கழக மானியக் குழுவின் 2022ஆம் ஆண்டு முனைவர் பட்ட விதிகளின்படி, பெண் ஆய்வாளருக்கு ஆய்வுக்காலம் முழுவதற்குமாக 240 நாள்வரை மகப்பேறு அல்லது குழந்தைப் பராமரிப்பு விடுப்பு வழங்கலாம்; ஆய்வை முடிக்கும் உச்ச வரம்பிலும் இரண்டு ஆண்டு கூடுதல் தளர்வு உண்டு. எழுத்து மூலமாகக் கேளுங்கள். வாய்மொழியாகக் கேட்டால் வாய்மொழியாகவே மறந்துபோவார்கள்.

என் பார்வையில் உங்கள் சிக்கல் நேரத்தைவிட முறையைச் சார்ந்தது. சாக்ஸ்லெட்டில் மின்சூடேற்றி இயங்க வேண்டும், குளிர்விப்பானில் தண்ணீர் ஓடிக்கொண்டே இருக்க வேண்டும். நம் ஊரில் கோடைக்காலத்துப் பிற்பகலில் குழாய்த் தண்ணீர் எப்போது நிற்கும் என்று யாரால் சொல்ல முடியும்? அதை அப்படியே விட்டுவிட்டு வீட்டுக்குப் போகவே கூடாது. அதற்குப் பதிலாகக் குளிர் ஊறல் முறையைக் கேட்டுப் பாருங்கள். பொடியைக் கரைப்பானில் போட்டு மூடி, இடையிடையே குலுக்கி, மூன்று நாள் ஊறவைத்து வடிகட்டினால் போதும். ஆடாதோடைக்கு இது இன்னும் பொருத்தமானது. அதிலுள்ள வாசிசின் என்னும் ஆல்கலாய்டு எளிதில் ஆக்சிஜனேற்றம் அடைந்து வாசிசினோனாக மாறக்கூடியது என்பதால், நெடுநேரச் சூட்டைத் தவிர்ப்பதற்கு அறிவியல் நியாயமே இருக்கிறது என்று நெறியாளரிடம் தைரியமாகச் சொல்லலாம். சாற்றின் அளவு முறைக்கு முறை வேறுபடும். ஆகவே இரண்டு மூலிகைக்கும் கடைசிவரை ஒரே முறையைப் பின்பற்றுங்கள்.

கிருமிச் சோதனையும் உங்கள் நேரத்துக்கு ஒத்துவரக்கூடியதே. கிருமி வளர்க்கும் தட்டுகளை மதியம் தயார் செய்து 37 டிகிரி வெப்பக் காப்பறையில் வைத்துவிட்டால், மறுநாள் காலையில் வந்து சாற்றைச் சுற்றிக் கிருமி வளராமல் நின்ற தடுப்பு வட்டத்தை மில்லிமீட்டரில் அளக்கலாம்.

கீழாநெல்லி விஷயத்தில் மட்டும் நேரத்தை மிச்சப்படுத்த நினைக்காதீர்கள். நாட்டு மருந்துக் கடைகள் நிறைந்த ராசப்பச் செட்டித் தெருவில் கட்டுக்கட்டாகக் கிடைக்கிறதே என்று வாங்கிவிட்டால், அதே பேரினத்தைச் சேர்ந்த வேறு செடிகளும் கலந்திருக்கக்கூடும். காய்ந்து நொறுங்கிய பிறகு கண்ணால் பிரித்தறிவது கடினம். மழைக்குப் பின் முளைத்து, இலைக்காம்புக்குக் கீழே காய்கள் வரிசையாகத் தொங்கும் பருவத்தில் நீங்களே பறித்து, ஒரு செடியை வேரோடு அழுத்தி உலர்த்தி, அரும்பாக்கம் சித்த ஆராய்ச்சி நிறுவனம் போன்ற ஓரிடத்தில் அடையாளச் சான்று பெற்றுவிடுங்கள்.

இரண்டு பிள்ளைகளின் தாய், சித்த மருத்துவர்

மேலே சொன்னவற்றை ஏற்கிறேன். வீட்டில் செய்வதைப் பற்றி மட்டும் எழுதுகிறேன். நிழலில் உலர்த்துவதை வீட்டில் செய்யலாம். ஆனால் ஐப்பசி, கார்த்திகை அடைமழையில் பால்கனியில் பரப்பிய இலை காய்வதற்கு முன் பூஞ்சை பிடித்துவிடும், அதைச் சோதனைக்குப் பயன்படுத்தக் கூடாது. பொடிப்பதைக் கல்லூரியிலேயே வைத்துக்கொள்ளுங்கள், ஏனெனில் மிக்சியைத் திறக்கும்போது எழும் தூசி குழந்தையின் மூச்சுக்கு ஆகாது. கரைப்பான் எதுவாயினும் வீட்டு வாசலைத் தாண்டக் கூடாது. மெத்தனால், ஹெக்சேன் இரண்டும் எளிதில் தீப்பற்றுபவை, நச்சும் உடையவை. ஆய்வுக்கூடத்திலும் காற்றுறிஞ்சு பெட்டிக்குள் மட்டுமே அவற்றைக் கையாண்டு, மேலங்கியை அங்கேயே கழற்றி வைத்து, கைகழுவிய பிறகு குழந்தையைத் தூக்குங்கள்.

இன்னொன்று, கேட்காமலேயே சொல்கிறேன். மூலிகை படிக்கிற பெண் வீட்டில் இருந்தால், பிள்ளைக்குச் சளி பிடித்ததும் உறவினர் எல்லோரும் அவள் முகத்தைத்தான் பார்ப்பார்கள். ஆடாதோடைச் சாற்றைத் தேனில் குழைத்துக் கொடுக்கச் சொல்வார்கள். ஒரு வயது நிறையாத குழந்தைக்குத் தேனே கூடாது. அதிலிருக்கக்கூடிய பாட்டுலிசக் கிருமியின் வித்துகள் குழந்தையின் குடலில் வளர்ந்து நஞ்சை உண்டாக்க இடமுண்டு. வசம்பும் அப்படியே. பிள்ளை வளர்ப்பான் என்று பெயர் பெற்றிருந்தாலும் அதிலுள்ள பீட்டா அசரோன் எலிகளில் புற்றுநோய் உண்டாக்கியது தெரியவந்து, அமெரிக்கா 1968இல் உணவில் அதைத் தடைசெய்தது. உங்கள் ஆய்வு தட்டிலுள்ள கிருமியைப் பற்றியது. தொட்டிலிலுள்ள பிள்ளைக்கு மருந்தளவு சொல்ல அது போதாது என்று வீட்டாரிடம் தயங்காமல் சொல்லிவிடுங்கள். அடுத்த கருவைத் திட்டமிடுவதாக இருந்தால் ஆடாதோடையை நீங்களும் உட்கொள்ள வேண்டாம்; அது கருப்பையைச் சுருங்கச் செய்யும்.

மேடவாக்கம் அக்கா

எனக்கு அறிவியல் தெரியாது. கேள்வியில் மாமியார் இருக்கிறார், நெறியாளர் இருக்கிறார், கணவரைக் காணவில்லையே, அம்மா?

குரோம்பேட்டை வாசகி

அக்கா, அவர் ஸ்ரீபெரும்புதூரில் ஷிஃப்ட் வேலையில் இருக்கிறார். காலை ஷிஃப்ட் வாரங்களில் நான்கு மணிக்கெல்லாம் வீட்டில்தான் இருப்பார். சாக்ஸ்லெட் தவிர்க்க முடியாத நாள்களை அந்த வாரங்களில் வைத்துக்கொள்ளலாம் என்று இன்றுதான் எனக்கே தோன்றியது. நீங்கள் கேட்டது நல்லதாயிற்று. தேன் விஷயத்தை மாமியாரிடம் படித்துக் காட்டினேன், சற்று முகம் வாடினாலும் ஒப்புக்கொண்டார். அடையாறு ஐயாவிடம் ஒரு சந்தேகம்: மூன்று நாள் ஊறலில் இரவு நேரத்தில் குலுக்குவதற்கு யாரும் இருக்க மாட்டார்களே?

அடையாறு ஆய்வாளர்

துறையில் சுழல் குலுக்கி இருந்தால் குறைந்த வேகத்தில் அதில் வைத்துவிடலாம். இல்லையென்றால் காலையில் வந்ததும், மதியமும், கிளம்பும் முன்பும் கையால் குலுக்கினாலே போதும். எத்தனை முறை குலுக்கினீர்கள் என்பதை ஆய்வேட்டின் செய்முறைப் பகுதியில் எழுதிவிடுங்கள். குடுவையின் வாயை இறுக மூடி, வெளிச்சம் படாமல் தாளைச் சுற்றி வையுங்கள்.