ரயில் நிலையத்துக்கு மூன்று தெரு தள்ளி ஆறு மாடி: மினியாபொலிஸ் வளர்கிறதா, வீங்குகிறதா?

பழையவீட்டுக்காரன்:
எங்கள் தெருமுனையில் இருந்த பழைய சலவைக்கடையை இடித்துவிட்டு ஆறு மாடி அபார்ட்மென்ட் வரப்போகிறது. அமெரிக்காவின் மினசோட்டா மாநிலத்து மினியாபொலிஸின் தென்பகுதி, ப்ளூ லைன் ரயில் நிலையத்திலிருந்து மூன்று தெரு தள்ளி. நூறு வீட்டுக்கு மேல். கார் நிறுத்த அதில் பாதிக்குக்கூட இடம் இல்லை. அடுத்த வாரம் நகரத் திட்டக் குழு கருத்துக் கேட்கிறது. போய் எதிர்த்துப் பேசப்போகிறேன்.

14 வருடமாக இங்கே இருக்கிறேன். 1920களில் கட்டிய சின்ன மர வீடு, பின்னால் ஒரு காய்கறித் தோட்டம். இந்த ஊரில் நமக்குக் கிடைப்பதே ஐந்து மாத வெயில். அதிலும் பாதியை ஒரு பில்டர் மறைத்துக்கொண்டால் என் வெண்டைக்காய் எங்கே காய்க்கும்? சிரிக்காதீர்கள், எனக்கு அது பெரிய விஷயம்.

அபார்ட்மென்டே கூடாது என்று சொல்லவில்லை. டவுன்டவுனில் கட்டட்டும், அதை ஒட்டிய நார்த் லூப்பில் கட்டட்டும். ஒன்றரை மாடி வீடுகளுக்கு நடுவில் ஆறு மாடி எதற்கு? எங்கே எவ்வளவு கட்டலாம் என்று முடிவு செய்ய "மினியாபொலிஸ் 2040" என்று 2018இல் ஒரு நகரத் திட்டம் போட்டார்களே, அது செய்த வேலை இது.

வாடகைக்குருவி:
சார், வெண்டைக்காய்க்கு என் அனுதாபம். ஆனால் டவுன்டவுனில் கட்டட்டும் என்று சொல்கிற யாருக்கும் டவுன்டவுனில் வீடு இருப்பதில்லை, கவனித்திருக்கிறீர்களா?

இந்த ஊரில் பாதிப்பேருக்கு மேல் வாடகைக்கு இருப்பவர்கள். அந்தத் திட்டம் வருவதற்கு முன் குடியிருப்பு நிலத்தில் சுமார் 70 சதவீதத்தில் ஒரு மனைக்கு ஒரு வீடுதான் என்று விதி. நாங்கள் எல்லாரும் மிச்சத்தில் ஒண்டிக்கொள்ள வேண்டும், நீங்கள் தோட்டம் போட வேண்டும். நல்ல நியாயம். 2004இல் அந்த ரயிலை விட்டது உங்கள் தெரு அழகாக இருக்கிறது என்றா? ஆள் ஏறத்தானே விட்டார்கள்!

கணக்குப்பிள்ளை:
இரண்டு பேரும் 2040 திட்டத்தைத் தப்பான காரணத்துக்கு இழுக்கிறீர்கள்.

2018 டிசம்பர் 7 அன்று நகரக் கவுன்சில் 12க்கு 1 என்று அதை நிறைவேற்றியது. அன்றைய சண்டை முழுக்க ட்ரிப்ளெக்ஸைப் பற்றித்தான். ஒரு மனையில் மூன்று குடித்தனம். முதலில் நான்கு என்றார்கள், எதிர்ப்பு வந்ததும் மூன்றாகக் குறைத்தார்கள். எங்கள் பேட்டையை இடிக்காதே என்று வாசலுக்கு வாசல் அட்டை நட்டிருந்தது நினைவிருக்கும். 2020 ஜனவரி 1 முதல் விதி அமலுக்கு வந்தது. அப்புறம்? யாரும் பெரிதாகக் கட்டவில்லை. நல்ல நிலையில் இருக்கிற வீட்டை வாங்கி, இடித்து, கிட்டத்தட்ட அதே உயரம், அதே பரப்புக்குள் மூன்று வீடு எழுப்பினால் பில்டருக்குக் கட்டுப்படியாகாது. ஊரே அடித்துக்கொண்ட விஷயம் இப்படிப் புஸ்ஸென்று போய்விட்டது.

உங்கள் தெருமுனைக்கு வருவது வேறு. பஸ், ரயில் தடங்களை ஒட்டி உயரமாகக் கட்டலாம் என்பது ஒன்று. கார் நிறுத்துமிடம் கட்டாயமில்லை என்பது இன்னொன்று. இரண்டாவதை 2015இல் தடங்களின் அருகே தளர்த்தினார்கள், 2021 மே மாதம் ஊர் முழுக்க எடுத்தே விட்டார்கள். புதிதாக வந்த வீடுகளில் பெரும்பகுதி இருபது வீட்டுக்கு மேல் கொண்ட கட்டடங்களில்தான்.

பலன்? பியூ என்ற ஆய்வு அறக்கட்டளை கணக்குப் போட்டது. 2017 முதல் 2022 வரை மினியாபொலிஸில் வீடுகள் 12 சதவீதம் கூடின, வாடகை 1 சதவீதம்தான் ஏறியது. மினசோட்டாவின் மற்ற பகுதிகளில் வீடுகள் 4 சதவீதம், வாடகை 14 சதவீதம்.

பழையவீட்டுக்காரன்:
இந்த 1 சதவீதத்தைக் கேட்டுக் கேட்டுக் காது புளித்துவிட்டது. அந்த ஐந்து வருடத்துக்கு நடுவில் என்ன நடந்தது என்று சொல்ல மாட்டீர்களே! 2020 மே மாதம் போலீஸ் கையில் ஜார்ஜ் ஃபிளாய்டு கொலை, அதையடுத்த கலவரத்தில் லேக் தெரு எரிந்தது. கோவிட். அலுவலகம் காலி. ஊரின் மக்கள்தொகையே அதற்கப்புறம் சில வருடம் கொஞ்சம் இறங்கியது. கேட்பார் இல்லாத ஊரில் வாடகை ஏறவில்லை என்று விழா எடுக்கிறீர்களா?

கணக்குப்பிள்ளை:
பாதி சரி. தேவை குறைந்ததும் ஒரு காரணம்தான், மறுக்கவில்லை. ஆனால் எத்தனையோ பெரிய ஊர்களும் அதே கோவிடைத்தானே பார்த்தன? 2021இல் வாடகை எகிறிய ஊர்கள் எத்தனை! இங்கே ஆள் திரும்பி வந்தபோது காலி வீடு தயாராக இருந்தது. அதுதான் வித்தியாசம்.

இன்னொன்று. "ஊர் தாங்காது" என்று சொல்பவர்களுக்கு: 1950இல் இங்கே 5,21,718 பேர். 2020 கணக்கெடுப்பில் 4,29,954. உங்கள் தாத்தா காலத்து மினியாபொலிஸ் இதைவிட நெரிசலாக இருந்தது.

மேப்பிள்நிழல்:
1950இல் ஒரு வீட்டில் இப்போதைவிட அதிகம் பேர் இருந்தார்கள், அவர்களிடம் ஒரு கார் இருந்தால் பெரிது. அதையும் சேர்த்துச் சொல்லுங்கள் கணக்குப்பிள்ளை.

எனக்கு வாடகையைவிட மரமும் தண்ணீரும் முக்கியம். மனை முழுக்க சிமென்ட் போட்டால் மழைநீர் எங்கே போகும்? நேரே ஏரிக்கு, குப்பையோடு. இதைச் சொல்லித்தான் ஆடுபான் பறவை அமைப்பின் உள்ளூர்க் கிளையும் இன்னும் இரண்டு அமைப்புகளும் மாநிலச் சுற்றுச்சூழல் உரிமைச் சட்டத்தின்படி வழக்குப் போட்டன. 2022இல் ஒருமுறை, 2023இல் மறுபடியும், நீதிமன்றம் திட்டத்தை நிறுத்தியது. என்ன செய்தார்கள் தெரியுமா? 2024இல் சட்டமன்றம் சட்டத்தையே திருத்தி, இப்படிப்பட்ட நகரத் திட்டங்கள் மேல் அந்தச் சட்டம் பாயாது என்று ஆக்கிவிட்டது. ஆட்டத்தில் தோற்றவன் விதியை மாற்றியது போல.

வாடகைக்குருவி:
அம்மா, இங்கே நூறு வீடு கட்டாவிட்டால் அந்த நூறு குடும்பமும் மாயமாகிவிடுமா? புறநகர் லேக்வில் பக்கம் சோளக்காட்டை அழித்து வீடு கட்டுவார்கள், தினமும் இரண்டு காரில் இங்கே வேலைக்கு வருவார்கள். அந்தப் புகைக்கு எந்தப் பறவை வழக்குப் போடும்?

மேப்பிள்நிழல்:
அங்கே கட்டுவதும் நிற்கவில்லையே தம்பி. இங்கேயும் கட்டுகிறார்கள், அங்கேயும் கட்டுகிறார்கள்.

செயின்ட்பால்காரி:
ஆற்றுக்கு அந்தப் பக்கம் இருக்கிற எங்கள் செயின்ட் பால் நகரத்துக் கதையையும் கேளுங்கள். நாங்கள் 2021 நவம்பரில் ஓட்டுப் போட்டு வாடகை வருடத்துக்கு 3 சதவீதத்துக்கு மேல் ஏறக்கூடாது என்று கொண்டுவந்தோம். நானும் ஆதரித்துத்தான் ஓட்டுப் போட்டேன். புதிதாகக் கட்டும் வீட்டுக்கும் அதே வரம்பு. அடுத்த சில மாதத்தில் கட்டட அனுமதி கேட்பது 80 சதவீதத்துக்கு மேல் விழுந்தது. 2022 செப்டம்பரில் புதுக் கட்டடத்துக்கு 20 வருடம் விலக்கு என்றார்கள். 2025இல், 2004க்குப் பிறகு கட்டியது எதுவானாலும் நிரந்தர விலக்கு. இத்தனைக்கும் பிறகு நான் இருக்கும் பழைய கட்டடத்தில் வாடகை அடக்கமாகத்தான் இருக்கிறது. ஆனால் தபால் அறைக்குக் கட்டணம், குப்பைக்குக் கட்டணம், நாய்க்குத் தனி வாடகை என்று நிர்வாகம் வேறு வழி கண்டுபிடித்துவிட்டது. என்னிடம் நாய் இல்லை, பிழைத்தேன்.

நான் எந்தப் பக்கம் என்று கேட்காதீர்கள். கட்ட வேண்டும் என்று இப்போது நம்புகிறேன். கட்டுகிறவர்களை நம்பவில்லை.

பழையவீட்டுக்காரன்:
இவர் சொல்வது புரிகிறது. அந்தக் கட்டடங்களின் தரத்தையும் பாருங்கள். கீழே கான்கிரீட் தளம், மேலே ஐந்து மாடியும் மரச்சட்டம். 2020இல் லேக் தெருவருகே கட்டி முடிக்காமல் நின்ற ஆறு மாடி, சுமார் 190 வீடுகள், ஒரே இரவில் எரிந்து விழுந்ததைக் கண்ணால் பார்த்தேன்.

வாடகைக்குருவி:
அது தீயணைப்புக் குழாய் வேலை செய்யத் தொடங்காத, பாதியில் நின்ற கட்டடம். உங்கள் வீடும் மரம்தான் சார். ஆனால் ஒன்றை ஒப்புக்கொள்கிறேன்: மாடிவீட்டுக்காரர் காலையில் எத்தனை மணிக்குச் செருப்பு மாட்டுகிறார் என்று எனக்குத் தெரியும்.

பழையவீட்டுக்காரன்:
சரி, பார்க்கிங்குக்கு யாராவது பதில் சொல்லுங்கள். இங்கே பனியை அள்ள ஸ்னோ எமர்ஜென்சி அறிவித்தால் முதல் நாள் இரவு 9 மணிக்குப் பெரிய தெருக்களில் வண்டி நிற்கக்கூடாது. மறுநாள் மற்றத் தெருக்களில் இரட்டைப்படை எண் வீடுகளின் பக்கம் நிற்கக்கூடாது, அதற்கடுத்த நாள் ஒற்றைப்படைப் பக்கம். மீறினால் இழுத்துக்கொண்டு போய்விடுவார்கள். இப்போதே எங்கள் தெருவில் அந்த மூன்று நாளும் மியூசிக்கல் சேர்தான். இன்னும் ஐம்பது கார் சேர்ந்தால்?

கணக்குப்பிள்ளை:
இதுவரை நீங்கள் சொன்னதில் இதுதான் வலுவான வாதம். ஆனால் நிலத்தடியில் ஒரு கார் நிறுத்த இடம் தோண்டப் பல்லாயிரம் டாலர் ஆகும். அது வாடகையில்தான் வந்து உட்காரும், கார் இல்லாதவனும் சேர்ந்து கொடுப்பான். தெருவில் நிறுத்த அனுமதி அட்டை கேளுங்கள். கூட்டத்தில் அதைக் கேட்டால் எழுதிக்கொள்வார்கள். நிழலைப் பற்றிப் பேசினால் தலையாட்டிவிட்டு விட்டுவிடுவார்கள்.

வாடகைக்குருவி:
கூட்டத்துக்குப் போவதற்கு முன் உங்கள் வீட்டுப் பத்திரத்தை ஒருமுறை எடுத்துப் பாருங்கள் சார். மினசோட்டா பல்கலைக்கழகத்தில் ஒரு குழு பழைய பத்திரங்களைப் புரட்டி வரைபடம் போட்டிருக்கிறது. வெள்ளையர் அல்லாதவருக்கு விற்கக்கூடாது என்று எழுதிய வீடுகள் உங்கள் பக்கம் ஏராளம். முதல் பத்திரம் 1910இல். "பேட்டையின் தன்மை" என்று பேசுவது அங்கேயிருந்து வருகிறது.

பழையவீட்டுக்காரன்:
பார்த்தாயிற்று. என் வீட்டுப் பத்திரத்திலும் அந்த வரி இருந்தது. 1968க்குப் பிறகு செல்லாத எழுத்துதான், ஆனாலும் படித்தபோது கை நடுங்கியது. விண்ணப்பம் கொடுத்து நீக்கினேன். அந்த வரிப்படி நான் இந்த வீட்டில் படுத்துத் தூங்கவே கூடாது. அதனால் எனக்கு அதைப் பாடம் எடுக்காதீர்கள் தம்பி. ஆறு மாடியை எதிர்ப்பவன் எல்லாம் அந்தப் பத்திரம் எழுதியவனின் பேரன் இல்லை.

வாடகைக்குருவி:
மன்னியுங்கள் சார். அந்த அர்த்தத்தில் சொல்லவில்லை.

செயின்ட்பால்காரி:
அண்ணே, ஒரு சந்தேகம். போன வருடம் வேறொரு இழையில், கராஜுக்கு மேல் மாடி எடுத்து அம்மாவைத் தங்கவைத்திருக்கிறேன் என்று எழுதியவர் நீங்கள்தானே?

பழையவீட்டுக்காரன்:
ஆமாம். 2014இல் நகரம் அதற்கு அனுமதி கொடுத்தது, அப்புறம்தான் கட்டினேன். அது ஒரு சின்ன மாடி, இதோடு ஒப்பிடாதீர்கள்.

செயின்ட்பால்காரி:
ஒப்பிடவில்லை. பக்கத்து வீட்டுக்காரர் ஒன்றும் சொல்லவில்லையா?

பழையவீட்டுக்காரன்:
சொன்னார். அவருடைய தக்காளிக்கு வெயில் போய்விட்டது என்று ஒரு வருடம் என்னோடு பேசவில்லை. அடுத்த வாரம் என் காரில் கூட்டத்துக்கு வருகிறவர் அவர்தான்.