ரவென்னாவின் சான்ட் அப்போலினாரே நுவோவோ: தூண்களில் கைகள் மட்டும் மிஞ்சியிருப்பது ஏன்?

காவிரிக்கரையான்:

சென்ற மாதம் இத்தாலியின் பொலோஞ்ஞாவிலிருந்து ரயிலில் ரவென்னா சென்று, அங்குள்ள சான்ட் அப்போலினாரே நுவோவோ தேவாலயத்தைப் பார்த்து வந்தேன். உள்ளே நுழைந்ததும் வலப்புறச் சுவரின் தொடக்கத்தில் ஓர் அரண்மனை மொசைக்கில் தீட்டப்பட்டிருக்கிறது. அதன் முகப்பில் "பலாத்தியும்" என்று லத்தீனில் எழுதியிருக்கிறது. வளைவுகளுக்கிடையே வெண்திரைகள் நடுவில் முடிச்சிட்டுத் தொங்குகின்றன. மனிதர் ஒருவரையும் காணோம். ஆனால் சற்று உற்றுப் பார்த்தபோது, வெண்தூண்கள் சிலவற்றின்மேல் மனிதக் கைகள் தெரிந்தன. உடல் இல்லை, தலை இல்லை. திரைக்குப் பின்னால் யாரோ ஒளிந்துகொண்டு கையை மட்டும் வெளியே நீட்டியது போலிருந்தது.

எங்கள் குழுவை அழைத்துச் சென்றவர் அடுத்த இடத்துக்குப் போகும் அவசரத்தில், "அங்கே முன்பு வேறு உருவங்கள் இருந்தன, பிறகு எடுத்துவிட்டார்கள்" என்று ஒரே வரியில் முடித்துவிட்டார். எடுத்தவர்கள் யார், எதற்காக எடுத்தார்கள், அவ்வளவு மெனக்கெட்டு எடுத்தவர்கள் கைகளை மட்டும் ஏன் விட்டுவைத்தார்கள் என்று அறிந்தவர்கள் விளக்கினால் நன்றியுடையவனாவேன்.

பழஞ்சுவடி:

அந்தக் கைகள் மன்னர் தியோடரிக்கின் அரசவையினருடையவை என்றே கருதப்படுகிறது. நடு வளைவில் இப்போது வெறும் பொன்னிறப் பின்னணி மட்டும் இருக்கிறதல்லவா, அங்கே மன்னரே இருந்திருக்க வேண்டும்.

கிழக்குக் கோத்தியர் இனத்தவரான தியோடரிக், சிறுவயதில் கான்ஸ்டான்டிநோபிளில் பிணையாளாக வளர்ந்தவர். 489இல் படையுடன் இத்தாலிக்குள் நுழைந்து, 493இல் ரவென்னாவைக் கைப்பற்றி, அதுவரை இத்தாலியை ஆண்டு, தம்முடன் உடன்பாடு செய்துகொண்ட ஒடோவேக்கரை விருந்துக்கு அழைத்துக் கொன்றுவிட்டு ஆட்சியில் அமர்ந்தார். அதன்பின் 526இல் இறக்கும்வரை முப்பதாண்டுகளுக்கு மேல் இத்தாலியை ஆண்டார். நீங்கள் பார்த்த கோயில் 6ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் அவர் தம் அரண்மனையை ஒட்டிக் கட்டிக்கொண்ட அரச ஆலயம். அன்று அதற்கு அப்போலினாரிஸ் பெயர் கிடையாது. மீட்பராகிய கிறிஸ்துவின் பெயரில்தான் அது விளங்கியது.

கோத்தியர்கள் ஆரியுஸ் என்பவரின் கொள்கையைப் பின்பற்றிய கிறிஸ்தவர்கள். (தமிழில் இதை எழுதும்போதெல்லாம் ஒரு சங்கடம் வரும். இந்த "ஆரிய"த்துக்கும் நமக்குப் பழக்கமான "ஆரியர்" என்ற சொல்லுக்கும் எந்தத் தொடர்பும் இல்லை. இவர் 4ஆம் நூற்றாண்டில் எகிப்தின் அலெக்சாந்திரியாவில் இருந்த ஒரு குரு.) மகன் (இயேசு) தந்தையாகிய கடவுளால் படைக்கப்பட்டவர், தந்தையைப் போலத் தொடக்கமற்றவர் அல்லர் என்பது அவர் போதனையின் சாரம். 325இல் நிக்கேயாவில் கூடிய ஆயர்களின் சங்கம் அதைத் தப்பறை (தவறான போதனை) என்று தள்ளிய பின்னரும், கோத்தியர் போன்ற இனத்தாரிடையே அது நிலைத்து நின்றது. ஆகவே தியோடரிக் காலத்து ரவென்னாவில் கோத்தியருக்கென்று ஓர் ஆயர், ஒரு திருமுழுக்குக் கூடம், சில கோயில்கள். கத்தோலிக்கரான உரோமை மக்களுக்கென்று வேறோர் ஆயர், வேறு கோயில்கள் என இரண்டு திருச்சபைகள் ஒரே ஊரில் இயங்கின.

540இல் கிழக்கு உரோமைப் பேரரசர் ஜஸ்டினியனின் தளபதி பெலிசாரியஸ் ரவென்னாவைப் பிடித்தார். போர் அத்துடன் ஓயவில்லை. இத்தாலி முழுவதும் அடங்க மேலும் பன்னிரண்டு ஆண்டுகளுக்கு மேல் ஆயிற்று. அதன்பின் ஆரியுஸ் சபையின் சொத்துகள் கத்தோலிக்க ஆயரிடம் ஒப்படைக்கப்பட்டன. ஏறத்தாழ 561இல் ஆயர் அக்னெல்லுஸ் இந்தக் கோயிலைத் தம் சபைக்கென மறுபடி அர்ச்சித்து, தூரின் ஆயர் புனித மார்ட்டின் பெயரைச் சூட்டினார். ஆரியுஸ் கொள்கையை எதிர்த்தவர் என்று பெயர் பெற்றவர் மார்ட்டின் என்பதால், அந்தத் தேர்வே வெளிப்படையான ஓர் அறிவிப்புதான். தியோடரிக்கும் அவருடைய பரிவாரமும் சுவரிலிருந்து அகற்றப்பட்டதும் இந்தச் சமயத்தில்தான். 9ஆம் நூற்றாண்டில், கடலோரமாக இருந்த கிளாசேயில் கொள்ளையர் பயம் இருந்ததால், ரவென்னாவின் முதல் ஆயரான அப்போலினாரிஸின் அருளிக்கங்கள் (உடலின் எச்சங்கள்) இங்கே கொண்டுவரப்பட்டதாகச் சொல்லி, கோயிலுக்கு மூன்றாவது பெயர் வந்தது. "நுவோவோ" என்றால் புதியது. ஆனால் 549இல் அர்ச்சிக்கப்பட்ட கிளாசே அப்போலினாரிஸ் பேராலயத்தைவிட இந்தப் "புதிய" கோயில்தான் மூத்தது. பயணிகள் பலர் இதில் தடுக்கி விழுகிறார்கள்.

கைகள் ஏன் மிஞ்சின என்றால், வேலை செய்தவர்களின் கவனக்குறைவு என்பதே என் எண்ணம்.

சில்லுக்கோலம்:

பழஞ்சுவடி அவர்கள் தந்த வரலாறு துல்லியமானது. கடைசி வரியில் மட்டும் நான் மாறுபடுகிறேன்.

நம் வீடுகளில் மொசைக் என்றால் தரை. மார்பிள் சில்லுகளைச் சிமென்டில் கலந்து ஊற்றித் தேய்த்து மெருகேற்றுவது. ரவென்னாவின் மொசைக் அப்படிப்பட்டதன்று. ஈரமான சுண்ணாம்புச் சாந்தின்மேல் வண்ணக் கண்ணாடிச் சில்லுகளையும் கல் சில்லுகளையும் ஒவ்வொன்றாகக் கையால் பதிக்கும் வேலை அது. பொன்னிறச் சில்லு என்பது இரண்டு கண்ணாடிப் படலங்களுக்கு நடுவே மெல்லிய தங்கத் தகட்டை வைத்து உருக்கி இணைத்தது. எல்லாச் சில்லுகளும் ஒரே மட்டத்தில் படியாமல், சற்றே முன்னும் பின்னும் சாய்ந்து நிற்பதால்தான், நாம் நடக்க நடக்க ஒளி ஒன்றிலிருந்து ஒன்றுக்குத் தாவுகிறது. ஒரு காலடி எடுத்து வைத்தால் மங்கியிருந்த மூலை மின்னும், மின்னிய இடம் மங்கும்.

இப்படிப்பட்ட சுவரிலிருந்து ஓர் உருவத்தை அகற்ற வேண்டுமானால், வண்ணம் பூசி மறைக்கும் வேலை பலிக்காது. உளியால் சில்லுகளைச் சாந்தோடு கொத்தி எடுத்து, புதுச் சாந்து பூசி, அது காய்வதற்குள் புதிய சில்லுகளைப் பதிக்க வேண்டும். அரண்மனைக் காட்சியில் அவர்கள் செய்ததைக் கவனியுங்கள். ஒவ்வொரு வளைவுக்குள்ளும் இருந்த ஆளைத் தூணின் விளிம்புவரை கொத்தி எடுத்திருக்கிறார்கள். தூண் ஒரு நேர்கோடு. வெட்டுவதற்கு வசதியான எல்லை. அந்தக் குழிக்குள் திரைகளைப் பதித்தார்கள். ஆனால் வணங்கியோ வாழ்த்தியோ கையை உயர்த்தி நின்றவர்களின் முன்கை, தூணுக்குக் குறுக்கே நீண்டிருந்தது. அதை எடுக்க வேண்டுமானால் தூணையும் கொத்தி, அதன் வெண்சில்லு வரிசைகளைப் பழையதோடு பிசிறில்லாமல் சேர்க்க வேண்டும்.

இது கூடுதல் வேலைதான்; ஆனால் கடினமான வேலை அன்று. திரையின் முடிச்சையும் மடிப்பையும் அத்தனை நேர்த்தியாகப் பதித்த கைக்கு, பக்கத்திலிருக்கும் தூணில் ஒரு சாண் இடத்தைச் சரிசெய்வது எம்மாத்திரம்? சாரத்தின்மேல் நின்று முகத்துக்கு நேராக வேலை பார்த்தவர்களுக்கு அந்தக் கைகள் கண்ணில் படாமல் போயிருக்க வாய்ப்பே இல்லை. அதனால்தான், நீக்கியது தெரிய வேண்டும் என்றே விட்டுவைத்தார்கள் என்று ஆய்வாளர்கள் சிலர் வாதிடுகிறார்கள். உரோமையருக்கு இது புதிதன்று. வெறுக்கப்பட்ட பேரரசரின் பெயரைக் கல்வெட்டிலிருந்து செதுக்கி எடுக்கும்போது, அந்த இடம் பள்ளமாகவே நிற்கும். படிப்பவர் யார் பெயர் அங்கிருந்தது என்று ஊகித்துக்கொள்வார். தடயமே இல்லாமல் அழித்துவிட்டால், அழிக்கப்பட்ட சேதியும் சேர்ந்தே அழிந்துபோகும்.

பழஞ்சுவடி:

உங்கள் வாதத்தின் வலுவை ஒப்புக்கொள்கிறேன். ஆயினும் கீழே தரையில் நிற்பவர் கண்ணுக்கு அந்தக் கைகள் அவ்வளவு எளிதில் தென்படுவதில்லை. காவிரிக்கரையான் அவர்களே உற்றுப் பார்த்துத்தான் கண்டிருக்கிறார். எல்லோருக்கும் காட்ட நினைத்தவர்கள் இத்தனை அடக்கமாகக் காட்டியிருப்பார்களா என்ற ஐயம் எனக்கு நீங்கவில்லை. "கவனக்குறைவு" என்ற சொல்லை மட்டும் "போதும் என்று விட்டது" என மாற்றிக்கொள்கிறேன்.

காவிரிக்கரையான்:

இருவருக்கும் மிக்க நன்றி. இன்னொரு கேள்வி எழுகிறது. தப்பறை என்று சொல்லி ஒரு கோயிலைக் கைப்பற்றியவர்கள், அந்தச் சபையினர் அமைத்த கிறிஸ்துவின் படங்களை மட்டும் எப்படி விட்டுவைத்தார்கள்? மேல்வரிசையில் இயேசுவின் வாழ்க்கைக் காட்சிகள் நிறைய இருந்தன. அவற்றில் சிலுவையில் அறையும் காட்சியை நான் காணவில்லை; அது ஆரியுஸ் கொள்கையின் விளைவா?

வடக்குவாசல்:

நல்ல கேள்வி. இந்தக் கோயிலின் உண்மையான புதிர் அந்தக் கைகளில் இல்லை, இதில்தான் இருக்கிறது என்பேன்.

சுவர்களை மூன்று அடுக்காகப் பிரித்துப் பாருங்கள். உச்சியில் பக்கத்துக்கு 13 வீதம் 26 சிறு காட்சிகள். நடுவில் சன்னல்களுக்கிடையே சுவடியோ சுருளோ ஏந்திய, பெயர் குறிக்கப்படாத வெண்ணாடை மனிதர்கள். இவ்விரண்டும் தியோடரிக் காலத்தவை. இவற்றில் கைவைக்கப்படவே இல்லை. கீழடுக்கில்தான் மாற்றம் நடந்தது. அதிலும் இரு முனைகளும் பழையவை: வாசல் பக்கத்தில் வலப்புறம் அரண்மனை, இடப்புறம் கிளாசே துறைமுகம், பீடத்தின் பக்கத்தில் வலப்புறம் அரியணையில் கிறிஸ்து, இடப்புறம் குழந்தையோடு மரியா. இவற்றுக்கு நடுவேயுள்ள நீண்ட இடம் முழுவதும் அக்னெல்லுஸ் காலத்தில் புதிதாகப் பதிக்கப்பட்டது. ஒருபுறம் மூன்று ஞானிகளைப் பின்தொடரும் 22 கன்னியர், மறுபுறம் மார்ட்டின் முன்செல்ல 26 மறைசாட்சிகள் (நம்பிக்கைக்காக உயிர் கொடுத்தவர்கள்). (மார்ட்டின் மறைசாட்சியே அல்லர், முதுமையில் இயல்பாக இறந்தவர். கோயில் அவர் பெயரில் இருந்ததால் வரிசையில் முதலிடம் கிடைத்துவிட்டது.) கன்னியர் எல்லோரும் ஏறத்தாழ ஒரே அச்சு, தலைக்கு மேலுள்ள பெயரைப் படித்துத்தான் அடையாளம் காணவேண்டும். ஆக்னஸுக்கு மட்டும் காலடியில் ஓர் ஆட்டுக்குட்டி உண்டு.

இந்த இடத்தில் முன்பு தியோடரிக்கின் அரசவை ஊர்வலம் இருந்திருக்கலாம் என்பது பரவலான ஊகம். ஆக, நீக்கப்பட்டவர்கள் மன்னரும் அவரைச் சார்ந்தவர்களும். கிறிஸ்துவையோ மரியாவையோ எவரும் தொடவில்லை. சற்றுத் தொலைவிலுள்ள கோத்தியரின் திருமுழுக்குக் கூடத்திலும் இதே கதைதான். கூரை நடுவே யோர்தானில் நிற்கும் இளம் இயேசு, அதே கோத்தியர் காலத்து மொசைக், கூடம் கத்தோலிக்கருக்குப் போன பிறகும் அப்படியே இருக்கிறது. ஆகவே, சமயத்தின் பெயரால் நடந்த இந்தத் தூய்மையாக்கத்தில் உண்மையில் அகற்றப்பட்டது ஓர் அரசின் நினைவு என்பதே என் துணிபு. ஆரியுஸ் கொள்கையைப் படத்தில் காட்டுவது எளிதன்று. மகன் படைக்கப்பட்டவரா இல்லையா என்பதைச் சில்லுகளால் எப்படிச் சொல்வது? பார்ப்பவர் தம் நம்பிக்கையை அதில் ஏற்றிக் காண்பார். தியோடரிக்கின் முகத்துக்கோ இரண்டு பொருள் கிடையாது.

சிலுவைக் காட்சி இல்லாததற்கும் இதே எச்சரிக்கை பொருந்தும். தென்சுவரின் (அதாவது வலப்புறத்தின்) வரிசை இறுதி இராவுணவில் தொடங்கி, கல்வாரிக்குச் செல்லும் வழிவரை வந்து, அங்கிருந்து நேரே வெறுமையான கல்லறைக்கு வந்த பெண்களிடம் தாவிவிடுகிறது. 6ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் சிலுவையில் அறையுண்ட இயேசுவைப் படைப்பது எந்தச் சபையிலுமே அரிது. அதைக் கோத்தியர் கணக்கில் எழுத வேண்டியதில்லை.

வடசுவரின் (இடப்புறத்தின்) அற்புதக் காட்சிகளில் இயேசு தாடியில்லாத இளைஞர்; தென்சுவரின் பாடுகளின் காட்சிகளில் தாடியுடன் முதிர்ந்தவர். இதற்குப் பல விளக்கங்கள் உலவுகின்றன, எதுவும் முடிவானதன்று. அடுத்த முறை சென்றால் இராவுணவுக் காட்சியில் சிறிது நேரம் நில்லுங்கள். நமக்குப் பழகிப்போன நீண்ட மேசை அங்கே இல்லை. சீடர்கள் அரைவட்டப் பஞ்சணையில் உரோமை வழக்கப்படி சாய்ந்து கிடக்கிறார்கள், இயேசு நடுவில் இல்லாமல் இடக்கோடியில் இருக்கிறார், தட்டில் இரண்டு பெரிய மீன்கள்.

தொலைநோக்கி:

மேலே சொன்னவற்றோடு ஓர் எச்சரிக்கையைச் சேர்க்கிறேன். பார்ப்பதெல்லாம் 6ஆம் நூற்றாண்டு என்று எண்ணிவிடக் கூடாது. மூன்று ஞானிகளின் தலைகளும் சிவப்புக் குல்லாய்களும் 19ஆம் நூற்றாண்டுச் சீரமைப்பில் திரும்பப் பதிக்கப்பட்டவை. ஊர் அமிழ்ந்துகொண்டே போனதால் 16ஆம் நூற்றாண்டில் தரையையும் தூண்களையும் ஒரு மீட்டருக்கு மேல் உயர்த்தினார்கள். ஆகவே அக்னெல்லுஸ் காலத்து மக்களைவிட நாம் சுவருக்கு நெருக்கமாக நிற்கிறோம். 1916 பிப்ரவரியில் ஆஸ்திரிய விமானங்கள் வீசிய குண்டு முகப்பைச் சேதப்படுத்தியது.

உட்புறம் வாசல் சுவரில் ஜஸ்டினியன் என்ற பெயருடன் ஒரு மார்பளவு உருவம் இருக்கிறது. ரவென்னாவின் இன்னொரு கோயிலான சான் விட்டாலேயில் உள்ள ஜஸ்டினியனோடு ஒப்பிட்டால் முகம் சற்றுப் பருத்தது. அது முதலில் தியோடரிக்காக இருந்து பிறகு பெயர் மாறியது என்று கருதுவோர் பலர். அப்படியானால், அரண்மனையிலிருந்து விரட்டப்பட்ட மன்னர் வேறு பெயரில் வாசலிலேயே இருக்கிறார்.

கைப்பை அளவுத் தொலைநோக்கி ஒன்று எடுத்துச் செல்லுங்கள். எதிர்ச்சுவரில் கிளாசே நகரின் மதிலையும் பாருங்கள். அங்கும் ஆட்களை எடுத்திருக்கிறார்கள்.

காவிரிக்கரையான்:

உங்கள் குறிப்பைப் படித்தபின் என் கைப்பேசியில் இருந்த கிளாசேப் படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தேன். துறைமுகத்தில் மூன்று கப்பல்களை மட்டுமே அன்று கவனித்திருந்தேன். மதிலின் பொன்னிறக் கற்களுக்கு நடுவே, நிறம் சற்றே மாறிய திட்டுகள் நெடுக்காக நிற்கின்றன. முதலில் கறை என்று நினைத்தேன். கண் பழகியதும் தோளும் தலையுமாக ஆள் உயரத்தில் தெரிகின்றன. அங்கே கைகூட மிஞ்சவில்லை.