நூலகத்தின் முகநூல் பக்கத்தை மாணவர்கள் பார்ப்பதே இல்லை, என்ன செய்யலாம்?

டெல்டா நூலகர்:

வணக்கம். டெல்டாப் பக்கம் ஓர் அரசு கலைக் கல்லூரியில் நான்கு வருடமாக நூலகராக இருக்கிறேன். உதவிக்கு ஒரே ஓர் அக்கா, அவரும் மதியம் வரைதான். மாணவர்கள் இரண்டாயிரத்துக்கு மேல். பெரும்பாலும் சுற்றுக் கிராமங்களிலிருந்து பஸ்ஸில் வருகிற பிள்ளைகள். மூன்றரை மணி பஸ்ஸை விட்டால் அடுத்தது ஐந்தேகாலுக்குத்தான். கடைசி வகுப்பு முடிந்ததும் ஓடத்தான் நேரம் இருக்கும், நூலகத்துக்கு வர நேரம் இருக்காது.

அதனால்தான் இரண்டு வருடத்துக்கு முன் நூலகத்துக்கு ஒரு முகநூல் பக்கம் தொடங்கினேன். புதுப் புத்தகம் வந்தால் அட்டையைப் படம் எடுத்துப் போடுவேன். ஏப்ரல் 23 புத்தக தினம், ஆகஸ்ட் 12 நூலகர் தினம், எதையும் விட்டதில்லை. போன வாரம் பொறுமையாக உட்கார்ந்து, பின்தொடர்கிற 312 பேரையும் ஒவ்வொருவராகப் பார்த்தேன். எங்கள் மாணவர்கள் 19 பேர். மற்றவர்களில் பெரும்பாலானோர் வேறு கல்லூரி நூலகர்கள்.

என்னை உறுத்துவது இன்னொரு விஷயம். எம்.எஸ்சி. வேதியியல் மாணவி ஒருத்தி போன மாதம் திருச்சிக்குப் போய் 650 ரூபாய் கொடுத்து ஒரு புத்தகம் வாங்கி வந்தாள். அதே புத்தகம் எங்களிடம் மூன்று பிரதி இருக்கிறது. ஜூலையிலேயே அதன் அட்டையைப் பக்கத்தில் போட்டிருந்தேன். அவள் அப்பா வயல் வேலைக்குப் போகிறவர். அந்தப் பணத்தை நினைத்து எனக்கு இரண்டு நாள் தூக்கம் வரவில்லை.

வாட்ஸ்அப் குழு போடலாமா, டெலிகிராமா, இன்ஸ்டாகிராமா? பெண் பிள்ளைகளின் எண் எல்லோருக்கும் தெரிந்துவிடுமே என்று பயமாகவும் இருக்கிறது. தனி ஆளாக எதைச் சமாளிக்க முடியும் என்று அனுபவம் உள்ளவர்கள் சொல்லுங்கள்.

கோவை நூலகர்:

உங்கள் பயம் சரியானது. நாங்கள் 2019-ல் குழுதான் போட்டோம். மூன்றாவது வாரமே முன்பின் தெரியாத ஒருவன் ஒரு மாணவிக்கு இரவு பதினோரு மணிக்குச் செய்தி அனுப்பினான், எண்ணை எங்கள் குழுவிலிருந்துதான் எடுத்திருக்கிறான். அன்றே குழுவைக் கலைத்துவிட்டேன். ஒரு குழுவில் 1,024 பேருக்கு மேல் சேர்க்கவும் முடியாது, உங்கள் கல்லூரிக்கு அது எப்படியும் போதாது.

2023-ல் வாட்ஸ்அப் சானல் வந்தது. அதில் ஒருவர் எண் இன்னொருவருக்குத் தெரியாது. நாங்கள் அதற்கு மாறிவிட்டோம். ஆனால் இரண்டு சிக்கல் உண்டு. சேர்ந்தவுடன் அறிவிப்பு தானாக வராது, மாணவரே மணிப் படத்தைத் தட்டி அதை இயக்க வேண்டும். முதலாம் ஆண்டு அறிமுக வகுப்பில் போனை எடுக்கச் சொல்லி அங்கேயே தட்ட வையுங்கள், அப்புறம் யாரும் செய்ய மாட்டார்கள். இரண்டாவது, சானலில் மாணவர்கள் நம்மிடம் கேள்வி கேட்க முடியாது.

அதனால் தனி சிம் ஒன்று வாங்கி, வாட்ஸ்அப் பிசினஸ் செயலியைப் போட்டு, அதை நூலக எண்ணாக வைத்துக்கொள்ளுங்கள். உங்கள் சொந்த எண்ணைக் கொடுக்கவே கொடுக்காதீர்கள். அந்த எண்ணின் கியூஆர் படத்தை அச்சடித்து அலமாரி ஓரங்களில், இஷ்யூ கவுன்ட்டரில், முடிந்தால் பஸ் நிற்கும் வாசலில்கூட ஒட்டுங்கள். "இந்தப் புத்தகம் இருக்கிறதா?" என்று அட்டைப் படம் அனுப்பினால் போதும் என்று எழுதிவையுங்கள். உங்கள் வேதியியல் மாணவிக்குத் தேவைப்பட்டது இந்த ஒரு வரிதான். அவளுக்குப் புத்தகம் வேண்டியிருந்தது அக்டோபரிலோ நவம்பரிலோ. நீங்கள் சொன்னது ஜூலையில்.

பாதிக் கேள்விகள் திரும்பத் திரும்ப வரும்: பழைய கேள்வித்தாள், எத்தனை நாள் வைத்துக்கொள்ளலாம், நோ டியூ (பாக்கி இல்லை என்ற சான்று) எப்போது. அவற்றுக்குப் பதிலை முன்கூட்டியே எழுதிச் சேமித்து வைக்கும் வசதி அந்தச் செயலியிலேயே இருக்கிறது. மற்ற கேள்விகளை ஒரு நோட்டில் தேதியோடு எழுதுங்கள். நான் சானலில் என்ன போடுவது என்று யோசிப்பதே இல்லை, அந்த நோட்டைப் புரட்டுவேன். ஒரே வாரத்தில் நான்கு பேர் ஒரே பாடத்துக்குப் புத்தகம் கேட்டால் அன்று அந்தப் பாடத்தின் புத்தகங்களைப் போடுவேன்.

ஒன்றில் மட்டும் உறுதியாக இருங்கள். டெலிகிராமில் முழுப் புத்தகத்தின் பிடிஎஃப் போடச் சொல்லி மாணவர்கள் மட்டுமல்ல, ஆசிரியர்களும் கேட்பார்கள். காப்புரிமை உள்ள புத்தகத்தை நூலகத்தின் பெயரில் அப்படிப் பரப்பக் கூடாது. அதற்குப் பதில் முறையாகக் கிடைப்பதைக் காட்டுங்கள். ஆய்வேடுகளுக்கு ஷோத்கங்கா என்ற இணையக் களஞ்சியம் இருக்கிறது. உங்களுடையது அரசுக் கல்லூரி, 2025-லிருந்து 'ஒரே நாடு ஒரே சந்தா' திட்டத்தில் 30 பதிப்பகங்களின் ஏறத்தாழ 13,000 ஆய்விதழ்கள் அரசு கல்வி நிறுவனங்களுக்குத் திறந்திருக்கின்றன. கல்லூரி பதிவு செய்திருக்கிறதா என்று நாளையே பாருங்கள்.

எம்.ஏ. தமிழ், இரண்டாம் ஆண்டு:

நான் நூலகர் இல்லை, மாணவன். எங்கள் கல்லூரி நூலகப் பக்கத்தில் புத்தக அட்டை வரும், அது எந்த அலமாரியில் இருக்கிறது என்று வராது. எங்களுக்கு அதுதான் வேண்டும். எத்தனை பிரதி, இப்போது உள்ளே இருக்கிறதா, புத்தக முதுகில் ஒட்டியிருக்கும் எண் என்ன.

போன வருடம் எங்கள் நூலகர் ஐயா 40 வினாடிக்கு ஒரு ரீல் போட்டார். 894.811 என்றால் தமிழ் இலக்கியம், பின்னால் 1 சேர்ந்தால் கவிதை, 3 சேர்ந்தால் கதையும் நாவலும் என்று அலமாரி முன்னால் நின்று விரலால் காட்டினார். மூன்று வருடமாக அந்த எண்களை வெறுமனே பார்த்துக்கொண்டிருந்த எனக்கு அன்றுதான் புரிந்தது. அதை எங்கள் வகுப்புக் குழுவில் நானே பகிர்ந்தேன். மேடம், தமிழில் போடுங்கள். மாலை ஆறு மணிக்கு மேல் போடுங்கள், பஸ்ஸில் உட்கார்ந்து பார்ப்போம்.

ஓய்வுபெற்ற நூலகர்:

அம்மா, முகநூலை மூடிவிடாதீர்கள். பழைய மாணவர்கள் அங்கேதான் இருக்கிறார்கள். 2008-ல் அமெரிக்க நாடாளுமன்ற நூலகம் சுமார் 3,000 பழைய புகைப்படங்களை ஃபிளிக்கர் என்ற படப் பகிர்வுத் தளத்தில் போட்டது. பார்த்தவர்கள் இது இன்ன இடம், இவர் இன்னார் என்று எழுதினார்கள். நூலகம் அவற்றைச் சரிபார்த்துத் தன் பட்டியலிலேயே சேர்த்துக்கொண்டது. உங்கள் கல்லூரியின் பழைய ஆண்டு விழாப் படங்கள் பீரோவில் கிடந்தால் ஒவ்வொன்றாகப் போட்டுப் பாருங்கள்.

ஆனால் எல்லாவற்றுக்கும் ஒரு நகலை நூலகக் கணினியில் வைத்திருங்கள். முகநூல் மாதிரியே இருந்த ஆர்குட் 2014-ல் போயிற்று, கூகுள் பிளஸ் 2019-ல் போயிற்று. கூகுள் பிளஸோடு என்னுடைய இரண்டு வருட உழைப்பும் போயிற்று.

நீங்கள் டெல்டாக்காரர் என்பதால் ஒன்று சொல்லத் தோன்றுகிறது. 1931-ல் மன்னார்குடியில் மாட்டு வண்டியில் புத்தகம் ஏற்றி ஊர் ஊராகக் கொண்டுபோனார்கள். சீர்காழியில் பிறந்த, இந்திய நூலகவியலின் தந்தை ரங்கநாதன் நூலகத்துக்கான தன் ஐந்து விதிகளை வெளியிட்டதும் அதே வருடம்தான். வாசகரின் நேரத்தை மிச்சப்படுத்து என்பது அதில் நான்காவது.

டெல்டா நூலகர்:

எல்லோருக்கும் நன்றி. சிம் வாங்கிவிட்டேன். இதழ்த் திட்டப் பதிவு பற்றி முதல்வரிடம் கேட்டிருக்கிறேன். கியூஆர் தாளை நேற்று வாசல் வேப்பமரத்துக்குப் பக்கத்துச் சுவரில் அக்காவும் நானும் ஒட்டினோம். இன்று மாலைக்குள் ஏழு கேள்விகள். அதில் ஐந்து பழைய கேள்வித்தாள். ஒன்று, அட்டை கிழிந்த ஓர் இயற்பியல் புத்தகத்தின் முதல் பக்கப் படம். இரண்டாவது அலமாரியில் இருந்தது, நாளைக் காலை வந்து வாங்கிக்கொள்வதாகச் சொன்னான். எடுத்து மேஜையில் தனியாக வைத்திருக்கிறேன்.